கரைச்சல் இல்லாத ஒழுங்கை

போன மாதம் என் மகள் சிட்னியில் வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தாள். பார்க்கிற வீட்டையெல்லாம் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். அன்றைக்கு வந்த படங்களில் வெயில் விழுகிற ஒரு சமையலறையும், துண்டுப் புல்தரையும் இருந்தன. "இடம் பாதுகாப்பாம் அம்மா. வாடகையும் எங்களுக்குக் கட்டும். என்ன சொல்லுறீங்கள்?" என்று கேட்டாள்.

"எதிர்வீட்டில ஆர் இருக்கினம்?" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே எதிர்வீட்டை யாரம்மா பார்க்கிறார்கள் என்றாள்.

நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். உங்களில் அரைவாசிப் பேர் என்னைப் போலவே யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் கதவு தட்டியவர்கள். அதனால்தான் இதை மகளுக்குச் சொல்லாமல் உங்களுக்குச் சொல்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், அம்மாவின் கடைசித் தம்பி. எனக்குப் பத்து வயது. மாமாவுக்கு இருபது கடந்துவிட்டது, மீசை அரும்பி ஆள் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தார். இடது காலில், முழங்காலுக்குக் கீழே, அவருக்கு ஒரு நீளத் தழும்பு. மோட்டார் சைக்கிளின் கொதிக்கிற புகைக்குழாயில் பட்ட காயம். ஊரில் அந்தத் தழும்பை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. கொழும்பிலோ இளம் தமிழனின் உடம்பில் தழும்பைக் கண்டால் இயக்கத்துச் சண்டைக் காயம் என்று பிடித்துக்கொண்டு போவார்கள். கொழும்புக்கு வந்த நாளிலிருந்து அம்மா அவரைச் சாரம் உடுக்க விடவில்லை. படுக்கும்போதும் நீளக் காற்சட்டைதான். வெக்கையில் மாமா புழுங்கிச் சாவார். "கிடந்து அவி. உள்ளுக்குப் போய் அவியிறதிலும் பார்க்க இது பரவாயில்லை" என்பார் அம்மா.

முதலில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். கடற்கரைப் பக்கம் இறங்குகிற வீதி. ரயில் போகும்போது கட்டில் இரும்பு கிணுகிணுக்கும். உப்புக் காற்றில் சுவர்ப் பூச்சு அப்பளம் போலப் பொருமி உரிந்துகொண்டிருந்தது. மாடி முழுக்கத் தமிழ்ச் சனம். ஆனால் குளியலறை வாசலில் வரிசையில் நிற்கும்போது ஒருவரும் மற்றவரிடம் எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள். நாங்கள் வந்தால் பேச்சு நின்றுபோகும். அவர்கள் வந்தால் அம்மா என் கையைக் கிள்ளுவார். பக்கத்து அறையில் ஓர் இளம் தம்பதி இருந்தார்கள். ஒரு காலையில் பார்த்தால் அறை வெறுமையாக இருந்தது. சோப்புப் பெட்டிகூட யன்னலில் அப்படியே. வெளிநாடு போனார்களா, பிடித்துக்கொண்டு போனார்களா என்று லொட்ஜ்காரரிடம் கேட்கக்கூட ஒருவருக்கும் துணிவில்லை. அந்த சோப்புப் பெட்டி பச்சை நிறம், மூடியில் ஒரு வாத்து. எனக்கு அதில் ஒரு கண். அம்மா தொடவிடவில்லை.

லொட்ஜ் வாடகை அப்பாவின் சம்பளத்தை விழுங்கியது. அப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதுகிற வேலை கிடைத்திருந்தது. வீடு ஒன்று எடுக்காவிட்டால் தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. எங்கே எடுப்பது என்பதில்தான் சண்டை.

"நாலு தமிழ்ச் சனம் இருக்கிற இடத்திலதான் நாங்களும் இருக்கோணும். ஒண்டு நடந்தால் ஓடிப்போய் நிக்க ஒரு வாசல் வேண்டாமோ?" என்பார் அப்பா.

"நாலு தமிழ்ச் சனம் இருக்கிற இடத்துக்குத்தான் செக்கிங் எண்டு ஆமிக்காரரும் முதல் வருவாங்கள்" என்பார் அம்மா.

இரண்டு பேரும் சொன்னது சரிதான். அதுதான் பிரச்சினை.

தரகர் ஒருவர் அகப்பட்டார். குடையும் கையுமாகத் திரிகிற, வெற்றிலை போட்ட மனிதர். அவரோடு அப்பா வெள்ளவத்தை ஒழுங்கைகளை, சந்துகளை எல்லாம் அலசினார். வெளிநாட்டுக் காசு வருகிற குடும்பங்கள் கேட்ட வாடகையைக் கொடுத்ததால் ஒரு கோழிக்கூட்டுக்கும் பெரிய விலை. "ஐயா, கடல் காத்துக்கும் சேத்துத்தான் வாடக" என்று தரகர் சிரிப்பார். ஒரு நாள் எங்களையும் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய வீட்டுக்குப் போனார். பின்பக்கத்து இரண்டு அறைகள். வாடகை கொஞ்சம் இறங்கும் போலிருந்தது. வீட்டுக்காரரும் எங்கள் பக்கத்து ஆள்தான், கொழும்பில் வேரூன்றிய பழைய உத்தியோகத்தர். நெற்றியில் திருநீறு. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

அப்பா சொன்னார்.

அவர் மாமாவைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். "குறை நினைக்காதையுங்கோ. புதுசா வந்த ஆக்களுக்கு நான் குடுக்கிறேல்லை. பெடியங்கள் இருக்கிற வீடெண்டால் சரிவராது. எங்களையும் சேர்த்து இழுப்பாங்கள்" என்றார். சொல்லிவிட்டுக் குளிர்பானம் கொண்டுவந்து தந்தார். அம்மா குடிக்கவில்லை. திரும்பி வரும் வழியில், "சிங்களவன் சொல்லியிருந்தால் இந்த நோ இராது" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வீடு தேடுகிற வேலையை அம்மா கையில் எடுத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போவார். ஏறுமுன் நெற்றிப் பொட்டை முந்தானையால் துடைத்துவிடுவார். "பஸ்ஸுக்குள்ள வாய் திறக்கப்படாது. பசிச்சால் என்ர கையைப் பிடி. ஒண்டுக்கு வந்தால் சீலையை இழு." நான் ஊமைப் பிள்ளை போல இருப்பேன். கொட்டாஞ்சேனை, புளூமெண்டல் பக்கம், மட்டக்குளி என்று வடக்கே போகப் போக வாடகை இறங்கியது. ஆனால் அம்மா வாடகை கேட்பதற்கு முன்னால் வேறொன்று பார்ப்பார். ஒழுங்கைக்குள் மெதுவாக நடந்து, வீடுகளின் கொடியில் என்ன காய்கிறதென்று பார்ப்பார். இளம் பெடியன்களின் காற்சட்டை வெளியில் காய்ந்தால் அந்த இடம் நல்லது. பெண்களின் உடுப்பும் குழந்தைத் துணியும் மட்டும் காய்ந்தால், அங்கே பெடியன்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "அப்ப அங்க செக்கிங் வருது. வா, போவம்" என்பார். வெள்ளவத்தையில் ஒரு காற்சட்டையைக்கூட நாங்கள் கொடியில் கண்டதில்லை.

கொட்டாஞ்சேனை முடிந்து மட்டக்குளிப் பக்கம் திரும்புகிற இடத்தில் அந்த ஒழுங்கை இருந்தது. வாயிலில் கண்ணாடிக் கூட்டுக்குள் மாதா சொரூபம், சுற்றிவர நிற பல்புகள். பேக்கரி ஒன்றிலிருந்து பாண் வாசமும், எங்கிருந்தோ கருவாட்டு வாசமும் கலந்து வந்தன. கொடிகளில் காற்சட்டை, பனியன், பாடசாலை வெள்ளைச் சட்டை எல்லாம் தாராளமாக ஆடின. முக்கால்வாசியும் சிங்களக் கத்தோலிக்க வீடுகள். அம்மா நின்று மூச்சு விட்டார்.

வீட்டுக்காரம்மா ஒரு விதவை. கழுத்தில் செபமாலை. துறைமுகப் பக்கம் வளர்ந்ததால் தமிழ் கொஞ்சம் வரும். முன்பக்கத்து இரண்டு அறையும் ஒரு குசினியும் எங்களுக்கு. அம்மா முந்திக்கொண்டு, "என்ர தம்பியும் எங்களோட இருக்கிறார். இளம் ஆள்" என்றார். மறுப்பு வரப்போகிறதென்று அம்மாவின் உடம்பு விறைத்தது எனக்குத் தெரிந்தது.

"இருக்கட்டும் மகள். பொலிஸில பதிஞ்சா சரி. பயம் வேணாம். இந்த லேன்ல ஒரு கரைச்சலும் இல்ல."

வாடகையும் அப்பாவுக்குக் கட்டுப்படுகிற வாடகை. சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் லொட்ஜுக்குத் திரும்பியதும் அம்மா அப்பாவிடம் சொன்ன முதல் வார்த்தை, "இவ்வளவு லேசா ஏன் தாறா?" என்பதுதான்.

அடுத்த கிழமை குடிபோனோம். பெயர்களைப் பொலிஸில் பதிந்தோம். மாமா கொமர்ஷல் சந்தியில் ஒரு கம்பியூட்டர் வகுப்புக்குப் போகத் தொடங்கினார். எனக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் இடம் கிடைத்தது. அம்மா தன் பழைய நீலச் சேலையொன்றைக் கிழித்து ஒழுங்கைப் பக்கத்து யன்னலுக்குத் திரை தைத்தார். அந்தத் திரையின் பின்னால் நின்று பார்த்தபோதுதான் எதிர்வீட்டு யன்னலில் அந்த மனிதரைக் கண்டார்.

நடுத்தர வயது. மெலிந்த தோள். கை வைத்த பனியன். கையில் சிங்களப் பேப்பர். காலையில் வேலைக்குப் போகுமுன்னும், பின்னேரம் வந்த பிறகும் அந்த யன்னலில்தான் இருப்பார். பேப்பர் கையில் இருக்கும், கண் எங்கள் வீட்டில் இருக்கும். எங்களுக்குள் அவருக்கு யன்னல்காரர் என்று பெயர் வந்துவிட்டது. ஒருகொடவத்தையில் ஒரு லொறி யார்டில் வேலை என்று வீட்டுக்காரம்மா சொன்னார். மனைவி சிங்களப் பெண், எப்போதும் பூப்போட்ட கவுண். இரண்டு பிள்ளைகள் சிங்களப் பாடசாலைக்குப் போனார்கள்.

"தம்பி வெளிக்கிட்ட உடன அந்தாள் எழும்பிப் பார்க்குது" என்பார் அம்மா. "தம்பி வந்து சேர்ந்த உடன பேப்பரை மடிக்குது." சைக்கிளில் ரோந்து வருகிற பொலிஸ்காரர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் அந்த வீட்டுக் கேற்றடியில் நின்று தேத்தண்ணி குடிப்பார். யன்னல்காரர் கோப்பையை இரண்டு கையாலும் நீட்டுவார். அந்தாள் பொலிஸின் ஆள் என்று முடிவுகட்ட அம்மாவுக்கு அது போதும்.

"ஒரு மனுசன் யன்னலில நிண்டாக் குற்றமா?" என்பார் அப்பா.

"நிண்டால் குற்றமில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டு நிண்டால்?"

"நீ பார்க்காட்டி அந்தாள் பார்க்கிறது உனக்கு என்னெண்டு தெரியும்?"

அம்மா திரையை இழுத்துவிடுவார்.

நத்தார்ப் பண்டிகைக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு தட்டில் கேக் வந்தது. மனைவிதான் கொண்டுவந்தார். ரவையும் கஜுவும் போட்ட கேக். பன்னீர் வாசம் அறை முழுக்கப் பரவியது. அம்மா சிரித்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "ஸ்தூதி" என்று நன்றி சொல்லி வாங்கினார். கதவைச் சாத்தியதும் சிரிப்பும் போய்விட்டது. "ஒருத்தரும் தொடப்படாது." தட்டைக் குசினி மூலையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்தபோது மாமா ஒரு துண்டை முழுங்கிக்கொண்டிருந்தார்.

"டேய்!"

"அக்கா, செத்தால் நான்தானே சாவன். உங்களுக்கு ஒரு சோலி குறையும்" என்று விரலைச் சூப்பினார் மாமா. அம்மா அன்று முழுக்க அவரைப் பத்துத் தரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மிச்சக் கேக்கை எறும்புதான் தின்றது. இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் எனக்கு வாயூறும், கூடவே அம்மா பார்க்கிறாரா என்று கண் தேடும்.

தை பிறந்து சில நாளில் அது நடந்தது. நான் பாண் வாங்கிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்துகொண்டிருந்தேன். பேக்கரியின் சின்ன லொறியொன்று பின்பக்கமாக வந்ததை நான் கவனிக்கவில்லை.

"ஏய் புள்ள! ஓரமா நில்லு!"

சுவரோடு ஒட்டிக்கொண்டேன். லொறி என் பாவாடையை உரசிக்கொண்டு போனது. யார் கத்தியதென்று பார்த்தேன். யன்னல்காரர். கேற்றுக்கு வெளியே, கையை நீட்டியபடி நின்றார். அவர் வாய் இன்னும் மூடவில்லை. பிறகு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். ஒழுங்கையில் வேறு ஒருவரும் இல்லை. "பலாகென யன்ன, துவே" என்று சிங்களத்தில் உரக்கச் சொன்னார், கவனமாகப் போ மகள் என்று, முதலில் சொன்னதை அழிப்பது போல. விறுவிறென்று உள்ளே போய்விட்டார்.

நான் ஓடிவந்து சொன்னேன். எனக்கு அது ஒரு நல்ல செய்தி. எதிர்வீட்டில் தமிழ் பேசுகிற ஒருவர் இருக்கிறார். அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அம்மாவோ கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குந்திவிட்டார்.

"தமிழ் ஆளோ?"

"ஓம் அம்மா. மலைநாட்டு ஆக்கள் கதைக்கிற மாதிரி."

இரவுச் சாப்பாட்டின்போது அந்தக் கதைதான். "தமிழனா இருந்துகொண்டு சிங்களவனா ஏன் நடிக்கிறான்? பேப்பர் சிங்களம், பிள்ளையள் சிங்களம், எல்லாம் சிங்களம். இவ்வளவு நாளும் எங்கட வீட்டுக் கதை முழுக்க விளங்கியிருக்கு அந்தாளுக்கு. வாய் திறக்கேல்லை. இவன் ஆள் காட்டுறவன்தான்."

அப்பா சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். "நடிக்கிறதெண்டால் நாங்களும்தானே நடிக்கிறம். நீ பொட்டை அழிச்சுப்போட்டு பஸ்ஸில போறாய்."

"நாங்கள் பயத்தில நடிக்கிறம்."

"அந்தாள்?"

"அதைத்தான் கண்டுபிடிக்கோணும்" என்றார் அம்மா.

அப்பா கை கழுவ எழுந்துவிட்டார். அந்த இடத்தில் இன்னும் இரண்டு வசனம் பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் புறக்கோட்டையில் பகல் முழுக்க எழுதிக் களைத்து வந்த மனிதர் அவர்.

அன்றிலிருந்து அம்மா வீட்டுக்குள் இரகசியக் குரலில் பேசத் தொடங்கினார். குசினியில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் மாமாவோடு கதைப்பார். யன்னல்காரரும் அதற்குப் பிறகு அடிக்கடி யன்னலில் நின்றார். முன்னைவிடப் பதற்றமாக. என்னைக் கண்டால் பேப்பரால் முகத்தை மூடிக்கொள்வார்.

பிறகு ஒரு மத்தியானம் நகரின் மற்றப் பக்கத்தில் எங்கோ குண்டு வெடித்தது. பாடசாலையை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. அப்பா புறக்கோட்டையில் மாட்டிக்கொண்டார். வீட்டுக்காரம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தார். சற்று நேரத்தில் ஒழுங்கை வாயிலில் ட்ரக் வந்து நின்றது. எல்லோரையும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டு ஆமிக்காரர்கள் வந்தார்கள். மாமா உள்ளறையில் கட்டிலில் இருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அம்மா திரையின் பின்னால் நின்றார். நான் அம்மாவின் கைக்குக் கீழால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று ஆமிக்காரர் எதிர்வீட்டுக் கேற்றைத் தட்டினார்கள். யன்னல்காரர் வந்தார். ஏதோ கேட்டார்கள். யன்னல்காரர் முதலில் நிலத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி எங்கள் வீட்டைக் காட்டினார்.

நான் கண்டேன். என் கண்ணால் கண்டது இது.

இரண்டு பேர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார்கள். மற்ற ஆமிக்காரர் யன்னல்காரரோடு ஒழுங்கை வாயிலை நோக்கி நடந்தார், தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு. "பார், சொந்தக்காரன் மாதிரிக் கூட்டிக்கொண்டு போறான்" என்றார் அம்மா. அம்மாவின் வியர்வை என் உச்சியில் சொட்டியது.

வந்தவர்கள் நீண்ட நேரம் எடுக்கவில்லை. மாமாவின் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டச் சொன்னார்கள். தழும்பைக் கண்டார்கள். "மோட்டர் பைசிக்கல், மாத்தயா, மோட்டர் பைசிக்கல்" என்று அம்மா தன் கெண்டைக்காலைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பொலிஸில் பதிந்த துண்டை எடுக்க அம்மா உள்ளே ஓடினார். எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ட்ரக் போய்விட்டிருந்தது. மாமாவின் ஒரு செருப்பு வாசலில் குப்புறக் கிடந்தது.

அந்த நாட்களை விரித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உங்கள் வீடுகளிலும் அப்படி நாட்கள் இருந்திருக்கும். அப்பா கடைக்குப் போகவில்லை. வீட்டுக்காரம்மா செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு அப்பாவோடு ஒவ்வொரு காலையும் பொலிஸுக்குப் போனார். "என் வீட்டுப் பிள்ளை, நான் பொறுப்பு" என்று அவர் பொலிஸ் பெரியவரிடம் சிங்களத்தில் சண்டை பிடித்ததாக அப்பா பிறகு சொன்னார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ மாமாவை விட்டார்கள். கன்னம் ஒட்டி, மூத்திர நாற்றத்தோடு வந்தார். குளித்தார். சாப்பிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அம்மா அதற்குள் சாமான்களைக் கட்டி முடித்திருந்தார்.

"இந்த வாடகைக்கு வேற எங்க எடுக்கிறது?" என்றார் அப்பா. "அந்த மனுசி எங்களுக்காக எவ்வளவு ஓடினவா. இஞ்சயே இருப்பம்."

"காட்டிக் குடுத்தவன்ர முகத்தில முழிச்சுக்கொண்டு என்னால இருக்கேலாது. வெள்ளவத்தையில கூட்டத்தோட கூட்டமா இருப்பம். வாடகையை நான் தையல் தைச்செண்டாலும் பார்க்கிறன்."

வீட்டுக்காரம்மா வாசலில் நின்று கண்ணைத் துடைத்தார். "ஏன் மகள் போறது? இங்க வேற கரைச்சல் இல்லயே. முன் வீட்டு மாத்தயாவும் பாவம், அந்த ஆள்..." என்று தொடங்கினார்.

"அந்தாளின்ர கதை எனக்கு வேண்டாம் அம்மா" என்று அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். சாமான் ஏற்றிய வான் வண்டியில் நாங்கள் ஏறினோம்.

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டின் ஈர அறைகளில் நாங்கள் வருடக்கணக்காக இருந்தோம். அப்பா கடை முடிந்து இன்னொரு இடத்திலும் கணக்கெழுதினார். அம்மாவின் கண் தையலில் போனது. அங்கே செக்கிங் கொட்டாஞ்சேனையைவிட எத்தனையோ மடங்கு. மாமாவை இன்னும் இரண்டு தரம் கூட்டிக்கொண்டு போனார்கள், இரண்டு தரமும் மறுநாளே விட்டார்கள். பிறகு அவர் கனடாவுக்குப் போய்விட்டார். அப்பா காலமானார். யுத்தம் முடிந்தது. அம்மா மட்டும் யன்னலைக் கண்டால் திரையை இழுத்துவிடுகிற பழக்கத்தோடு என்னுடன் இருக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமா கனடாவிலிருந்து வந்திருந்தார். தலை முழுக்க நரை, முழங்கால் நோ. ஒரு காலை நாங்கள் இருவரும் என் மாடிவீட்டுப் பால்கனியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். கீழே ஒரு லொறி பின்பக்கமாக வந்தது. நான் சும்மா அந்தப் பழைய கதையைச் சொன்னேன், யன்னல்காரர் தமிழில் கத்தி என்னைக் காப்பாற்றியதையும், பிறகு மாமாவைக் காட்டிக் கொடுத்ததையும்.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "காட்டினவர்தான். எனக்கும் தெரியும். அவரே சொன்னவர்."

"எப்ப சொன்னவர்?"

"உள்ளுக்க. என்னை ட்ரக்கில ஏத்தேக்க அவர் முதலே அதுக்குள்ள இருந்தவர் பிள்ளை."

"அவரையும் பிடிச்சவங்களோ?" என்றேன்.

"தமிழாக்கள் எந்த வீட்டில எண்டு கேட்டவங்களாம். காட்டாட்டித் தன்னைத் துருவுவாங்கள் எண்டு பயந்து காட்டினவராம். காட்டின பிறகு, சரி உன்ர அடையாள அட்டையையும் எடு எண்டிருக்கிறாங்கள். ஐசியில தமிழ் எழுத்து. பிறந்த இடம் மலைநாடு. சிங்களப் பேரோட இருக்கிறாய், ஐசி தமிழா இருக்கு, நீ ஆர் எண்டு அவருக்கு என்னைவிட அடி." மாமா நோகிற முழங்காலை நீட்டினார். "எண்பத்து மூண்டுக் கலவரத்தில அவர் இருந்த அறையைக் கொளுத்திப்போட்டாங்களாம். அதுக்குப் பிறகு யார்டில வேற பேர் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவர். கலியாணமும் அந்தப் பேரிலதான். பிள்ளையளுக்கே தெரியாது. பொலிஸ்காரனுக்குத் தேத்தண்ணி குடுத்ததெல்லாம் அந்தப் பயத்திலதான்."

"ஏன் மாமா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"அவர் என்ர கையைப் பிடிச்சுக் கேட்டவர். நான் யாருன்னு அந்த லேன்ல சொல்லிடாதீங்க தம்பி, புள்ளைங்க வாழணும் எண்டு. பிறகு நாங்கள் அங்க இருக்கவுமில்லை. பிறகு சொல்லி என்ன?" மாமா கோப்பையை மறுபடி கையில் எடுத்தார். "ஒண்டு மட்டும் கேட்டவர். 'ஏன் தம்பி, ஒங்க அக்கா எந்நேரமும் தெரைக்குப் பின்னால நின்னு எங்க ஊட்டயே பாக்குது? எங்களப் பத்தி யாருகிட்டயாச்சும் சொல்லவா?' எண்டு. வந்த நாளில இருந்து எங்களுக்குப் பயந்து நித்திரை இல்லையாம் அவருக்கு."

மாமா கனடாவுக்குத் திரும்பிய பிறகு, ஒரு பின்னேரம், இதை நான் அம்மாவிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"உள்ளுக்கும் ஆள் விடுறவங்கள், பெடியங்களின்ர வாயைப் புடுங்க. அந்தாளும் அதுக்குத்தான் இருந்திருப்பான். உன்ர மாமன் ஒரு பேயன்" என்றார்.

விசர்க்கதை என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் அப்படியும் நடந்ததுதானே. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் எழுந்து விளக்கைப் போட்டேன்.

அடுத்த நாள் நான் வெளியே போக வெளிக்கிடும்போது அம்மா கூப்பிட்டார். இரவு தூங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"தம்பி விடுபட்டு வந்த பிறகும், நாங்கள் சாமான் ஏத்துமட்டும் அந்த யன்னல் திறக்கவேயில்லை" என்றார். "நான் பார்த்துக்கொண்டுதான் நிண்டனான். செய்ததுக்கு வெக்கப்பட்டுப் பூட்டி வைச்சிருக்கினம் எண்டு நினைச்சன்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

"தம்பிக்கு அடிச்சுக் கேள். அந்தாளை விட்டவங்களோ எண்டு."

மாமாவுக்கு அழைப்பெடுத்தேன். அம்மா கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். மாமாவுக்குத் தெரியாது. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே விட்டபோது அந்த மனிதர் உள்ளேதான் சுவரோடு சாய்ந்து இருந்தாராம். எழும்ப ஏலாத நிலை. கையை மட்டும் கொஞ்சம் தூக்கினாராம்.

"போய்ட்டு வாங்க தம்பி" என்றாராம், தமிழில்.